பட்டுக்கடையில் ஒரு நூல் புடவை

எனக்கு முன்கோபம் ஜாஸ்தின்னு காஞ்சிபுரத்துல காமாட்சிக்கே தெரியும். அப்படிப்பட்டவன்கிட்ட வந்து, "நான் பட்டு கட்ட மாட்டேன் மொதலாளி"ன்னு ஒரு பொம்பளை சொன்னா எப்படி இருக்கும்? அதுவும் முப்பது வருஷமா 'சுத்தப் பட்டு மட்டுமே'ன்னு போர்டு தொங்கற கடையில நின்னுக்கினு!

எழுபத்தி நாலாம் வருஷம், ஆவணி முகூர்த்தம் நெருங்கிடுச்சு. எதிர்க்கடைக்காரன் வேலைக்கு நிக்கற பொண்ணுங்களுக்கெல்லாம் பட்டு கட்டிவிட்டு வாசல்ல நிறுத்திட்டான். நான் சும்மா இருப்பேனா? "நாளையிலேர்ந்து எல்லாரும் கடைப் பட்டைக் கட்டிக்கினுதான் நிக்கணும். இஷ்டமில்லாதவங்க வீட்டோட இருந்துக்கலாம்"னு சொல்லிட்டேன். அலமுவும் அம்சவேணியும் சிரிச்சுக்கினே நிறம் பொறுக்க ஓடினாங்க. குணமாலா மட்டும் நகரலை.

அவ திருப்பருத்திக்குன்றத்து நயினார் வீட்டுப் பொண்ணு, சமணம். பட்டுன்றது புழுவை உயிரோட வேகவச்சு எடுக்கற இழையாச்சே, அது உடம்புல படக்கூடாதுன்னு கோயில்ல நோன்பு எடுத்தவ.

"அப்போ விக்கறது மட்டும் பாவமில்லையா?"ன்னு கத்தினேன்.

"பாவம்தான் மொதலாளி. தெனம் சாமிகிட்ட சொல்லிக்கினுதான் இருக்கேன். ரெண்டு புள்ளைங்களுக்குச் சோறு போடணுமே."

இப்படிப் பேசறவகிட்ட என்னத்தைச் சண்டை போடறது? அவ புருஷன் தர்மதாஸ் மரத்துலேர்ந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கிடக்கான். அந்த வீட்டுல அடுப்பு எரியறதே இவ வேலையிலதான். அதோட, கல்யாணப் பொண்ணு மொகத்தைப் பார்த்ததுமே அதுக்கு எந்த நிறம் எடுக்கும்னு சொல்லிடுவா. அவளுக்கு ஈடா என் கடையில இன்னொரு ஆள் கெடையாது. ஆனா ஒருத்திக்காக சட்டத்தை மாத்தினா மத்ததுங்க என்னை மதிக்குமா?

யோசிச்சு யோசிச்சு, மெட்ராஸுக்கு பஸ் ஏறிப்போய் ஆர்ட் சில்க் புடவை ஒண்ணு வாங்கியாந்தேன். மரக்கூழ்ல செய்யற இழை, புழுவும் கெடையாது பூச்சியும் கெடையாது. தள்ளி நின்னு பார்த்தா அசல் பட்டுதான். "இதைக் கட்டிக்கோ. யாருகிட்டயும் மூச்சு விடாதே"ன்னேன். அவ புடவையைக் கண்ணுல ஒத்திக்கினா. என் மூளையை நானே மெச்சிக்கினேன்.

மூணாம் நாள் வாலாஜாபாத் ரைஸ்மில் பொன்னியம்மாள் மக கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்தாங்க. குணமாலா புடவை புடவையா விரிக்கறா, அந்தம்மா கண்ணு எதுலயும் நிக்கலை. சட்டுனு குணமாலா முந்தானையைப் பிடிச்சாங்க. "இந்த மாம்பழ நிறம்தான் வேணும். இது சுத்தப் பட்டுதானே?"

ஆமான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லேண்டின்னு மனசுக்குள்ள கெஞ்சறேன்.

"இல்லம்மா, இது ஆர்ட் சில்க்கு"ன்னா குணமாலா.

அட மடையா! உயிரைக் கொல்ல மாட்டேன்னு நோன்பு எடுத்தவ, பொய் சொல்ல மாட்டேன்னும் சேர்த்துத்தானே எடுத்திருப்பா? அது எனக்கு அப்போதான் உறைச்சுது.

பொன்னியம்மாள் எழுந்துட்டாங்க. "வேலைக்காரிக்கே டூப்ளிகேட் கட்டி நிறுத்தியிருக்கீங்க. எங்க தலையில எதைக் கட்டுவீங்களோ!"

"என்னாலதான் இது. நான் வேலையை விட்டு நின்னுக்கறேன் மொதலாளி"ன்னு குணமாலா மெதுவா சொன்னா. கண்ணுல தண்ணி நிக்குது.

"நீ எதுக்கு நிக்கணும்? வாயை மூடு!"ன்னு ஒரு சத்தம் போட்டேன். "அம்மா, அதை வாங்கிக் குடுத்தவன் நான்தான். புழு சாவுதுன்னு இந்தப் பொண்ணு பட்டு கட்டாது. நான்தான் புத்தி கெட்டுப்போய் அதுக்கு வேஷம் கட்டிவிட்டேன். ஆனா என் சரக்கு சுத்தம், பாருங்க."

விரிச்சிருந்த பட்டுலேர்ந்து ஒரு இழையை உருவி, குச்சியைக் கிழிச்சுக் கொளுத்தினேன். அசல் பட்டு எரிஞ்சா முடி கருகற வாடை வரும். முப்பது வருஷமா அந்த வாடையை எத்தனையோ பேருக்குப் பெருமையா மோந்து பார்க்கச் சொன்னவன் நான்.

அன்னிக்கு அந்தப் புகைக்கு அந்தாண்ட குணமாலா நின்னுக்கினு இருந்தா. முந்தானையால மூக்கைப் பொத்திக்கினு கண்ணை மூடிக்கினா. இது ஒரு உசுரு எரியற வாடைன்னு எனக்கு அப்போதான் பட்டுது. குச்சியை அணைச்சுக் கீழ போட்டுட்டேன்.

பொன்னியம்மாளும் இழையைப் பார்க்கலை, அவளைத்தான் பார்த்துக்கினு இருந்தாங்க. மறுபடியும் ஜமக்காளத்துல உக்காந்தாங்க. "நீ சொல்லும்மா. இதெல்லாம் சுத்தமா?"

"எல்லாம் சுத்தம்தாம்மா. அந்தப் பச்சையில மட்டும் ஜரிகை கொஞ்சம் மட்டம்."

பாவி! அந்தப் பச்சைதான் நான் தள்ளிவிடணும்னு ஒரு வருஷமா பார்த்துக்கினு இருந்தது. ஆனாலும் எனக்குச் சிரிப்புதான் வந்துது.

அவங்க ஜவுளி எடுத்துக்கினு போனப்புறம், "நாளையிலேர்ந்து பழையபடி உன் நூல் புடவையிலயே வா"ன்னு குணமாலாகிட்ட சொன்னேன்.

"சட்டம்?"

"நான் போட்டதுதானே, நான் எடுத்துட்டேன். போ, வேலையைப் பாரு."

அதுக்கப்புறம் என் கடையில நான் இழை கொளுத்தறதில்லை. யாராவது இது அசல் பட்டான்னு சந்தேகமா கேட்டா, நூல் புடவை கட்டிக்கினு உக்காந்திருக்கறவளைக் கைகாட்டி, "அவளைக் கேளுங்க"ன்னு சொல்லிடுவேன்.