ஆறு மணி பஸ்ஸும் முப்பது பேரும்

வாரத்துக்கு ஒரு தரம் காலனிக்கு வரும் மருத்துவ வண்டியில் ஆறு பேருக்கு மேல் உடம்பைக் காட்டிக்கொண்டதே கிடையாது. பகல் பதினொரு மணிக்கு வந்து நின்றால் யார் வருவார்கள்? கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் எல்லாரும் மிஷின் முன்னால் நிற்கிற நேரம் அது. மேலிடம் அதையெல்லாம் கேட்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வாராவாரம் முப்பது பேர் வராவிட்டால் வண்டி வேறு ஊருக்குப் போகும் என்று சொல்லிவிட்டது.

காலனியில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்ப்பவள் சாராள். வண்டி நின்றால் அந்த ஆறு பேரும் மாத்திரைக்கு இரண்டு பஸ் மாறிப் பொன்னேரி போக வேண்டும். போக மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். வண்டியில் வரும் டாக்டர் பூமிகாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கே வண்டியை வரவழைத்தாள்.

ஜனங்கள் வண்டியைப் பார்த்தார்கள். பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். சாராளின் புருஷன் ஆசீர்வாதம் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனக்கு இன்னா கேடு? நல்லாத்தான் கீறேன்" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன் அவன்.

பஸ் கிளம்பும் வரை பொழுது போகாமல் இறங்கி வந்த பஸ் டிரைவர் மோகன்ராஜ்தான் கையை நீட்டினார். பிரஷர் இருநூற்றுப் பத்து. டாக்டர் மறுபடி பார்த்தார். அதே இருநூற்றுப் பத்து. அவரை மருத்துவ வண்டியில் படுக்க வைத்து, பஸ் சாவியை வாங்கிச் சாராளிடம் கொடுத்தார்.

"மேடம், நாப்பது பேரு ஷிப்டுக்குப் போவணும்," என்றார் மோகன்ராஜ், படுத்தபடியே.

"அதனாலதான்," என்றார் டாக்டர்.

வேறு டிரைவர் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றது கம்பெனி. நாற்பது பேரும் இறங்கினார்கள். செய்ய வேறு வேலை இல்லாததால் வரிசையில் நின்றார்கள்.

முப்பதாவது பேரை எழுதியதும் சாராள் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னாள். அடுத்ததாக ஆசீர்வாதம் வந்து, போனால் போகிறது என்று விரலை நீட்டினான். சுகர் முந்நூற்று எண்பது.

ஊரில் யாருக்கு எவ்வளவு என்று அவளுக்கு மனப்பாடம். இவனுடையதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். முதலில் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது.

புது டிரைவர் வந்து சாவி கேட்டார். கொடுத்தாள். ஆசீர்வாதமும் எழுந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"உடு சாரா. சூப்ரவைசர் கத்துவான்."

"கத்தட்டும். அடுத்த வாரம் அவனையும் இட்டுக்கினு வா. அப்பவும் முப்பது பேரு வோணும். உக்காருய்யா."

உட்கார்ந்தான். பஸ் ஓர் ஆள் குறைவாகப் போனது.