வினைச்சொல் கடைசியில் வரும்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை, அதுவாக வந்தது என்று தொடங்கியிருந்தேன். பொய். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், பக்கத்துச் சீட்டுப் பெண் போனைப் பார்த்து ஏதோ பாஷையில் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். நான்தான் வலியப்போய்க் கேட்டேன். ஆப்பிரிக்கான்ஸ், தென்னாப்பிரிக்காவில் பேசுவது என்றாள். அரியலூரில் இறங்குவதற்குள் பாதிக் கதையை வாங்கிவிட்டேன்.

பெயர் ருமைசா. ஊர் லப்பைக்குடிக்காடு. தனியார் பள்ளியில் ஐந்து வருஷம் இங்கிலீஷ் டீச்சர். ஆங்கிலம் பேசுவோருக்கு ஆப்பிரிக்கான்ஸ் கற்றுத்தரும் ஓர் ஆன்லைன் நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள். ஆறு மாதம் படித்துத் தேறினால் அங்கேயே ஆசிரியர் வேலை, வீட்டிலிருந்தபடியே.

2

‘மருமகளின் லேப்டாப்பை மூடச் சொல்லி மாமனார் அப்துல் சலாம் கண்களை உருட்டி…’

இந்த வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிடுகிறேன். முதல் வரைவைப் படித்த ருமைசா போனில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த லேப்டாப்ப வாங்கிக் குடுத்ததே எங்க மாமாதாங்க. தினம் வார்த்தை கேட்டு ஒப்பிக்க வச்சதும் அவருதான். எங்க வூட்டுக் கதைன்னா யாராவது ஒரு ஆள் தடுத்தே ஆவணுமா?”

ஆகவே திருத்தம்: அப்துல் சலாம், துபாயில் இருபது வருஷம் கடை நடத்தியவர், நான்கு பாஷையில் பேரம் பேசத் தெரிந்தவர், மருமகள் ஐந்தாவதைப் பேசுவதில் பெருமை உள்ளவர்.

3

(இலக்கணம் பிடிக்காதவர்களும் இதைத் தாண்டிப் போக வேண்டாம். சின்னதுதான்.)

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு ஆப்பிரிக்கான்ஸ் தொடக்கத்தில் சுலபம். ‘ஹேண்ட்’, ‘வாட்டர்’ போன்ற சொற்களுக்கு இரண்டு பாஷையிலும் ஒரே எழுத்துக்கூட்டல். வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது. நான், நீ, அவன், நாங்கள் எல்லோருக்கும் ஒரே ‘இஸ்’. சிக்கல் ‘தத்’ என்ற சொல்லில்தான். ‘என்று’ போன்ற ஒரு சொல் அது. அவள் நாளைக்கு ஊருக்கு வருகிறாள் என்று எனக்குத் தெரியும் என்பதில், ஆங்கிலத்தில் ‘வருகிறாள்’ அவளை ஒட்டியே நிற்கும். ஆப்பிரிக்கான்ஸில் ‘தத்’ வந்துவிட்டால், நாளையையும் ஊரையும் முன்னே போகவிட்டு வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலேயர்கள் திணறுவது இங்கேதான்.

வாசகரே, நீங்கள் காலையிலிருந்து அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

4

தேர்வு என்பது மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்டுவது. நிறுவனம் எழுதித் தந்த பாடத்தை அப்படியே வாசிக்க வேண்டும். திரையில் மாணவி ஹெலன், கேப்டவுனுக்குக் குடிபோகவிருந்த இங்கிலாந்துக்காரி. ‘தத்’ வாக்கியத்தில் மூன்று முறை சறுக்கிவிட்டு, இது என் மண்டையில் ஏறாது என்றாள். அடுத்து ருமைசா வாசிக்க வேண்டிய வரி: ‘ஆங்கிலம் பேசி வளர்ந்த நமக்கு இது தலைகீழாகத்தான் தோன்றும்.’

[அவளுக்குள் ஆயிரமாண்டு மொழி பொங்கி எழுந்தது என்று எழுத… வேண்டாம். அந்த வரியில் விரலை வைத்து நிறுத்தினேன் என்றுதான் சொன்னாள்.]

தாளை ஓரமாக வைத்தாள். எனக்கு இது தலைகீழ் இல்லை, என் தாய்மொழித் தமிழில் வாக்கியம் இப்படித்தான் முடியும் என்றாள். யார், எப்போது, எங்கே என்பதையெல்லாம் முதலில் சொல்லுங்கள். என்ன செய்கிறார் என்பதைக் கைக்குள் பொத்தி வைத்திருந்து கடைசியில் விடுங்கள் என்றாள். நான்காவது முறை ஹெலன் சரியாகச் சொன்னாள். ஐந்தாவது வாக்கியத்தைத் தானே கட்டினாள்.

மறுநாள் நிறுவனத்திலிருந்து மெயில் வந்தது. பாடத்தில் சொந்த மொழி கூடாது. எழுதித் தந்ததை வாசித்து மறுபடி பதிவுசெய்து அனுப்பினால் வேலை.

5

அப்துல் சலாம் படித்துப் பார்த்தார். கடைக்கு வருகிறவனின் பாஷைக்கெல்லாம் வளைந்து கொடுத்தவர்.

“ஒரு வார்த்தைதானேம்மா. வாசிச்சுட்டுப் போயிரேன்.”

“ஒரு வார்த்தைதான் மாமா. அந்த ‘நமக்கு’ல நான் இல்லையே.”

ருமைசா பதிலை ஆப்பிரிக்கான்ஸிலேயே தட்டினாள்: எக் சல் தித் நி சே நி. அதை நான் சொல்ல மாட்டேன் என்று அர்த்தம்.

‘நி’ ஏன் இரண்டு தடவை வருகிறது என்று கேட்டார். மறுப்பதானால் அந்தப் பாஷையில் கடைசியில் இன்னொரு முறையும் மறுத்து முடிக்க வேண்டும் என்றாள்.

“அப்பச் சரி. அனுப்பு.”

அனுப்பினாள்.

6

மூன்றாம் நாள் பதில் வந்தது. என்ன பதில் என்று ருமைசா எனக்குச் சொன்னாள். இரண்டு விதமாகவும் முடிவு எழுதிப் பார்த்து இரண்டையும் கிழித்தேன்.

வேலை கிடைத்தது என்று எழுதினால், அதனால்தான் அவள் செய்தது சரி என்பீர்கள். கைவிட்டுப் போயிற்று என்று எழுதினால், பிழைக்கத் தெரியாதவள் என்பீர்கள். அந்தப் பொத்தானை அழுத்தியபோது அவளுக்கு இரண்டுமே தெரியாது. தெரியாமல்தான் அழுத்தினாள்.

நீங்களும் தெரியாமலே சொல்லுங்கள், அவள் செய்தது சரியா என்று.