தம்பி நல்லவனாகிவிட்டான்

தம்பி சில நாளாக மரியாதையாகப் பேசுகிறான் என்பதுதான் அக்காவின் புகார்.

சிறுநீரகத் துறைத் தலைவர் சிரித்தார். பின்னால் நின்ற துறையும் சிரித்தது.

"நீங்க கிட்னி குடுத்தீங்க. நன்றி வர எட்டு மாசம் ஆயிருக்கு, அவ்வளவுதாம்மா."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவளிடம், "நல்லதை வச்சிக்கிட்டுப் பழசை என் தலையில கட்டிட்டியா?" என்று கேட்டவன் அவன். உப்பைக் குறைடா என்றால், "நானா கேக்கறேன்? உன் கிட்னி கேக்குது" என்பான். அப்பேர்ப்பட்டவன் நேற்று காபியை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்றான்.

"தலைவலின்னும் சொல்றான் டாக்டர்."

"ரத்தத்துல கழிவு, அதான் கிரியேட்டினின், ஒண்ணு புள்ளி ஒண்ணுதான். கிட்னி பிரமாதம்."

"சட்டைப் பட்டன் போடத் தெரியாம நிக்கறான்."

"யூரின் கண்ணாடி மாதிரி போகுது."

தலைவர் கழுத்துக்கு மேலே பார்ப்பதில்லை. அது வேறு துறை. தவிர, சனிக்கிழமை மாநாட்டில் தம்பியை மேடையேற்றப் போகிறார். கைதட்டல் வாங்கவிருக்கும் கிட்னிக்குத் தலைவலி வரலாமா?

"காய்ச்சலே இல்லையே. தொற்றுன்னா காய்ச்சல் வரும்."

வராது. புதுக் கிட்னியை உடம்பு விரட்டிவிடக் கூடாதென்று எதிர்ப்புச் சக்திக்குத் தினமும் மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்தவரே அவர்தான். காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டு, 'சத்தமே இல்லை, அதனால் திருடனும் இல்லை' என்றால் எப்படி?

அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள். "டேய், உதவாக்கரை! உனக்குப் போய் கிட்னி குடுத்தேன் பாரு."

வழக்கமாக ஒன்றுக்குப் பத்தாகத் திரும்பி வரும். தம்பி புன்னகைத்தான். "உங்க பெரிய மனசுங்க."

"தங்கமான பையன்!" என்று நெகிழ்ந்தார் தலைவர்.

"சனிக்கிழமை மேடையில இவன்தானே பேசணும்? பேரைக் கேளுங்க."

தலைவர் பெருந்தன்மையாகக் கேட்டார். "உங்க பேரு என்ன தம்பி?"

தம்பி யோசித்தான். "நீங்களே நல்ல பேரா ஒண்ணு வச்சிடுங்க."

தலைவரின் சிரிப்பு நின்றது. துறையின் சிரிப்பும் நின்றது.

மூளை டாக்டர் வந்தார். முதுகில் ஊசி போட்டு, மூளையைச் சுற்றி ஓடும் நீரை எடுத்துப் பார்த்தார்கள். பூஞ்சைத் தொற்று. அப்புறம்தான் உண்மையான ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவில் திறந்தது.

"எதிர்ப்பைத் தூங்கவைக்கிற மாத்திரையைக் குறைக்கணும்" என்றார் மூளை.

"குறைச்சா என் கிட்னி போயிடும். உங்க பூஞ்சை மருந்தும் என் கிட்னியைத்தான் அடிக்கும்!"

"மருந்து போடலைன்னா ஆளே போயிடுவாருங்க."

மத்தளமாகத் தம்பி உள்ளே கிடந்தான். அக்கா நடுவில் போய் நின்றாள்.

"டாக்டர், அது உங்க கிட்னி இல்ல. என்னுது. நான் குடுத்தது என் தம்பிக்கு, உங்க மாநாட்டுக்கு இல்ல. அவன் பிழைக்கட்டும். அதுவும் பிழைச்சா சந்தோஷம்."

மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். தினமும் ரத்தம் எடுத்தார்கள். தலைக்குள் அழுத்தம் ஏறியபோதெல்லாம் முதுகில் மறுபடி ஊசி குத்தி நீரை இறக்கினார்கள். கிரியேட்டினின் ஏறி இரண்டைத் தொட்ட அன்று தலைவர் துக்கம் விசாரிக்க வந்தவர்போல் நின்றார். சனிக்கிழமை மேடையில் வேறொரு கிட்னி கைதட்டல் வாங்கியது.

வாரங்கள் போயின. எண் மெல்ல இறங்கிய ஒரு காலையில் அக்கா காபியை நீட்டினாள். தம்பி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இது காபியா, டம்ளர் கழுவின தண்ணியா?"

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஏன் அழுற? கிட்னி போச்சா?"

"இல்லடா, இருக்கு."

"பின்ன? இன்னொண்ணையும் கேட்டுடுவேன்னு பயமா?"