வரிசை மாறாத படங்கள்

அறுவை அரங்கில் பேச்சுப் பயிற்சியாளருக்கு வாய்த்த வேலை படம் காட்டுவது. திறந்த மூளையில் ஓர் இடத்தைச் சர்ஜன் மெல்லிய மின்கம்பியால் தொட்டு நொடிநேரம் மரத்துப்போகச் செய்வார். அதே கணம் அவள் ஓர் அட்டையை நீட்ட, விழித்திருக்கும் நோயாளி அதன் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாமல் திணறினால் பேச்சு அங்கேதான் இருக்கிறது. அங்கே எண் எழுதிய சீட்டை வைத்துவிடுவார்கள், கத்தி அந்தப் பக்கமே போகாது. சொல்லிவிட்டால் கட்டியோடு சேர்த்து வெட்டலாம்.

நோயாளி பஸ் கண்டக்டர். பன்னிரண்டு இடம் தொட்டும் மளமளவென்று பதில் வந்தது. ஒரு சீட்டுகூட வைக்கவில்லை. சர்ஜனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"கடைசியா ஒண்ணு, கரண்ட் இல்லாம காட்டும்மா. அப்புறம் வெட்டிடலாம்."

அவசரத்தில் இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. மேலே தெரிந்தது நாற்காலி.

"கத்திரிக்கோல்" என்றார் கண்டக்டர், கம்பீரமாக.

"அண்ணே, படத்தப் பாத்தீங்களா?"

"எதுக்குப் பாக்கணும் மேடம்? மணிக்கு அப்புறம் கத்திரிக்கோல், அப்புறம்தான் நாற்காலி, சாவி... வீட்டுக்காரி மூணு நாளா ஒப்பிக்க வெச்சிருக்கா. ஸ்டாப்பிங் பேரு மாதிரி தானா வரும்."

பழகட்டும் என்று அட்டைக்கட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது அவள்தான். இன்று அதைக் கலைக்காமல் எடுத்து வந்த புத்திசாலியும் அவள்தான். தன்னையே அறைந்துகொள்ளலாம் போல எரிச்சல் வந்தது. ஒப்பிப்பது வேறு, கண்ணால் பார்த்ததற்குப் பெயர் தேடி எடுப்பது வேறு. பாழாய்ப்போன பன்னிரண்டு பதிலும் குப்பை.

"சார், முதல்லேருந்து பண்ணணும்."

"என்னம்மா, விளையாட்டா? மனுஷன் ஏற்கெனவே சோர்ந்துட்டாரு."

"தப்பு என்னுது சார். வெளிய வந்து எவ்வளவு வேணா திட்டுங்க. இப்ப வெட்டாதீங்க."

சர்ஜன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கம்பியை எடுத்தார். அவள் அட்டைகளைக் கலைத்தாள். கண்டக்டருக்கும் கடுப்பு.

"பாஸான பரீட்சைய யாராவது திரும்ப எழுதுவாங்களா?"

மூன்று இடங்கள் முணுமுணுப்போடு கடந்தன. நான்காவது, கத்தி முதலில் இறங்கவிருந்த இடம். கம்பி தொட்டது. அவள் குடையைக் காட்டினாள்.

"இது... இது..."

உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. கடுப்பெல்லாம் வடிந்து அந்த முகத்தில் பயம் ஏறியது. கம்பி விலகியதும் "குடை!" என்று கத்திவிட்டார்.

சர்ஜன் ஒரு சீட்டை வாங்கி அங்கே வைத்தார்.

கண்டக்டர் தட்டுத்தடுமாறி அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். "மேடம், இன்னொரு தடவ நல்லா கலைங்க."