கருப்பம்மா கேம்பசில் பேர் போட்ட நாள்

கிட்ட வாங்க கண்ணுகளா. இந்தக் குளிரில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தால் எப்படி? அந்தப் போர்வையை இப்படி இழுத்துப் போடுங்கள். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கருப்பம்மா தன் மகளுக்காகக் கேம்பசுக்குப் போன கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அவளே சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கருப்பம்மாவின் மகள் விஜயலெட்சுமி பதுளைப் பக்கத்துக் கேம்பசில் படிக்கிறாள். வசதியில்லாத பிள்ளைகளுக்கு மாதாமாதம் பர்சரி கொடுக்கிறார்களே, அது அவளுக்கும் கிடைத்தது. அந்தக் காசை யார் கையிலும் தருவதில்லை. பிள்ளையின் பேங்க் கணக்கிலேயே வந்து விழும். பஸ்சுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் அதுதான். ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. வகுப்புக்கு வந்த நாள் குறைந்துபோனால் காசு நின்றுவிடும்.

நேரம் பார்த்து அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. வீட்டில் ஆத்தா இறங்கியிருக்கும்போது டொக்டரிடம் போகக்கூடாது என்பது அவர்கள் குடியிருந்த லயத்து வழக்கம். போகாவிட்டால் சுகமில்லை என்று எழுதித் தர யார் இருக்கிறார்?

"இன்னும் ஒரு நாள் போகலைனா பர்சரி நின்னுரும்மா," என்று பாயில் கிடந்தபடி அழுதாள் மகள். "அப்புறம் படிப்ப விட்டுட்டு கொழும்புல கடை வேலைக்குத்தான் போகணும்."

கருப்பம்மா யோசித்தாள். கொழுந்து பறிக்கிற மலையில் ஒருத்தி சுகமில்லாமல் படுத்துவிட்டால், அவள் பேருக்கு அக்காவோ தங்கச்சியோ கூடையை மாட்டிக்கொண்டு போவாள். படுத்தவளுக்கு அன்றைக்கு வேலைக்கு வந்ததாக முழுப் பேர் விழும், சம்பளமும் விழும். கங்காணியும் கண்டுகொள்ளமாட்டார். இதற்குப் போய் அழுவார்களா?

விடிந்ததும், தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிற நேரத்தில், நல்ல சேலையாகக் கட்டினாள். புருஷன் தம்பையா பல்லுக்குச்சியும் வாயுமாகக் கேட்டார்:

"எங்க புள்ள கெளம்பிட்ட? பெரட்டுக்கா?"

"ஆமாங்க. இன்னைக்கு வேற பெரட்டு."

கேம்பசில் விசாரித்து விசாரித்து வகுப்பைப் பிடித்து, முன்வரிசையில் நடுவில் போய் உட்கார்ந்தாள். பின்னால் நின்றால் பேர் விடுபட்டுப்போகும் என்பது அவள் அனுபவம். பக்கத்தில் இருந்தவள் ஷிப்னா, விஜயலெட்சுமியின் கூட்டாளி.

"நீங்க விஜியோட அம்மாதானே? இங்க என்ன செய்றீங்க?"

"ச்சூ! வேலை நேரத்துல பேசாதம்மா. பேர வெட்டிப்புடுவாங்க."

ஸுலைஹா மிஸ் வந்து பேர் கூப்பிட ஆரம்பித்தார். "விஜயலெட்சுமி" என்றதும் கருப்பம்மா துள்ளி எழுந்தாள்.

"இருக்கேங்க!"

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தார். "நீங்களா விஜயலெட்சுமி?"

"அவ பேருக்குங்க. நான் அவளப் பெத்தவ. சாயங்காலம் வரைக்கும் அசையாம இருக்கேன், முழுப் பேரா போட்டுருங்க."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எதற்கென்று தெரியாவிட்டாலும் மரியாதைக்குக் கருப்பம்மாவும் சிரித்தாள்.

"அம்மா, இங்க ஒராளுக்குப் பதிலா இன்னொராள் வர ஏலாது."

"சரிங்க, அரைப் பேராச்சும் போடுங்க."

"பிள்ளைக்கு என்ன?"

"அம்மைங்க. ராவெல்லாம் நான்தான் பக்கத்துல இருந்து வேப்பிலையால தடவிக் குடுத்தேன்."

அவ்வளவுதான். முன்வரிசை காலி. அதுவரை அவள் தோளில் சாய்ந்து சிரித்த ஷிப்னா பின்வரிசைக்குப் பறந்துவிட்டாள். மிஸ் பின்னால் நகர்ந்து நகர்ந்து கரும்பலகையில் போய் ஒட்டிக்கொண்டார். அவர் சேலை முழுக்கச் சோக்குத் தூள் வெள்ளை.

"ஜன்னல்களத் திறங்க! ஷிப்னா, விஜயலெட்சுமிக்கு வீடியோ கோல் எடுங்க!"

ஷிப்னா ஃபோனை எட்ட நீட்டிப் பிடித்தாள். திரையில் கொப்புளம் கொப்புளமாக ஒரு முகம் தெரிந்தது.

"அம்மா! நீங்க எங்க இருக்கீங்க?"

"உன் பெரட்டுலதான்."

"ஐயோ, என் மானமே போச்சு!"

"பேசாம படு. சொறியாத."

மிஸ்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பிள்ள, அழவேணாம். உங்க தோட்டத்து டொக்டர் வந்து பார்த்து எழுதித் தந்தாப் போதும். சுகமில்லாத நாளைக் கணக்குல குறைக்க மாட்டாங்க. பர்சரி நிக்காது."

கருப்பம்மா விடவில்லை. "மருந்து குடுக்கப்படாதுங்க."

"குடுக்க மாட்டார்."

"உள்ள வரப்படாது."

"வாசல்லயே நிப்பார்."

"செருப்பக் கழட்டிட்டு."

"கழட்டச் சொல்லுங்க அம்மா!"

"அப்பச் சரி. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

அப்படியே நடந்தது. டொக்டர் ஐயா வெறுங்காலோடு மழையில் வாசலில் நின்று எட்டிப் பார்த்து எழுதிக் கொடுத்தார். மகள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுந்த கொஞ்ச நாளில் ஃபோன் கிணுங்கியது. பர்சரி குறையாமல் விழுந்திருந்தது. விஜயலெட்சுமி அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள்.

கருப்பம்மா மட்டும் திரையை உற்றுப் பார்த்தாள். "நல்லாப் பாருடி. நான் போய் உக்காந்த அரை நாளும் சேர்ந்திருக்கா?"

போய்த் தூங்குங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் எரியட்டும். நோய்நொடி உங்கள் வாசலுக்கு வந்தாலும், அந்த டொக்டர் மாதிரி வெளியிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.