வெள்ளிக்கிழமை பத்தரை பன்னிரண்டு

...இன்னும் வண்டிச் சத்தம் கேட்கவில்லையே, வந்தால் முதலில் மதகுப் பக்கம் நாய்கள் குரைக்கும், ஒன்றையும் காணோம், ரேடியோ செட்டுக்காரன் போட்ட தட்டையே திருப்பித் திருப்பிப் போடுகிறான், பந்தலில் சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறது, மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது, போச்சு, ராகுகாலத்தில் பாதி போச்சு, மிச்சம் இருக்கிற நேரத்துக்குள் மாவட்டம் வந்து, மாலையை எடுத்துக் கொடுத்து, மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசி... பிடித்தால் அவர் லேசில் விடுவாரா என்ன? காயாரோகணம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாவட்டம் என்றால் கழகத்தின் மாவட்டச் செயலாளர், பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிடுவதில்லை. அவர் தலைமையில்தான் மகள் மலர்கொடிக்கு இன்றைக்குக் கல்யாணம். ஐயர் இல்லை, ஓமம் இல்லை, மந்திரம் இல்லை, வெள்ளிக்கிழமை பத்தரை பன்னிரண்டு, பத்திரிகையிலேயே கொட்டை எழுத்தில் போட்டாயிற்று, சரியாக இராகு காலத்தில் என்று. ஊரில் எவன் வீட்டிலும் நடக்காத கல்யாணம். கழகத்திலேயே ஊறிப்போனவர்கள் வீட்டில்கூட நடக்கவில்லை, வலங்கைமானில் முப்பது வருஷமாகக் கறுப்புச் சட்டையைக் கழற்றாத மனுஷர் ஒருவர் மகன் கல்யாணத்தை விடிகாலையில் முடித்துக்கொண்டார், ஏனய்யா என்று கேட்டால் வெயிலுக்கு முன்னால் சாப்பாடு போட்டுவிடலாமே என்றார். வெயிலாம் வெயில். கேட்டவருக்குத் தெரியாதா அது என்ன வெயில் என்று?

நான் அப்படி இல்லை, அப்படி இல்லை என்று காட்டத்தானே இவ்வளவும், கிளைக் கழகக் கூட்டத்தில் மேடை ஏறி, என் மகள் கல்யாணத்தை ராகுகாலத்தில் நடத்திக் காட்டுகிறேன், காட்டாவிட்டால் இந்தத் துண்டைத் தோளில் போடமாட்டேன் என்று சொன்னபோது எப்படிக் கை தட்டினார்கள்... தட்டினார்கள் சரி, தட்டியவன் வாயெல்லாம் அப்புறம் என்ன பேசியது? காயாரோகணத்துக்கு எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. பத்து வருஷம் செங்கொடிச் சங்கத்தில் இருந்தவர், அங்கேயும் இவரை மிஞ்ச ஆள் கிடையாது, எவனைப் பார்த்தாலும் தோழர், பெற்ற தகப்பனைக்கூட ஒருநாள் வாய் தவறித் தோழர் என்று கூப்பிட்டுவிட்டார், பண்ணை வீட்டில் காப்பி கொடுத்தால் கையால் தொடமாட்டார். அப்புறம் ஆட்சி மாறியது, பண்ணையார் எட்டு மா குத்தகை நிலத்தை விட்டு இறங்கு என்றார், சங்கம் தாலுகா ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்று கோஷம் போட்டது, கழகத்திலிருந்து ஒருத்தர் தாசில்தாரிடம் ஒரு வார்த்தை சொன்னார், நிலம் தங்கியது, அடுத்த வாரமே இவர் தோளில் துண்டு மாறியது. ஊர் சும்மா இருக்குமா? நிலத்துக்காகப் போனான் என்றது. இல்லையடா, கொள்கைக்காகப் போனேன், சாமியும் சாதியும் சாத்திரமும்தான் நம்மைக் கெடுத்தது என்று புரிந்து போனேன், புரிந்தது அந்த வாரத்தில் என்றால் அதற்கு நான் என்ன செய்ய... திருநீறு வைப்பதை விட்டார், மாரியம்மன் திருவிழாவுக்கு வரி கொடுக்க மாட்டேன் என்றார், காயாரோகணம் சாமி பெயர் என்று மெய்யரசன் ஆனார், மெய்யரசன் என்று கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார், அது வேறு கதை. இதற்கிடையே பண்ணையாரும் அதே துண்டைப் போட்டுக்கொண்டு அதே மேடையில் வந்து உட்கார்ந்துவிட்டாரே, அன்றைக்கு ராத்திரி இவருக்குச் சோறு இறங்கவில்லை. அவரும் நானும் ஒன்றா? ஒன்று இல்லை என்று எதை வைத்துச் சொல்வது? இந்தக் கல்யாணம் ஒன்றைத்தான் வைத்துச் சொல்லலாம். பண்ணையாரால் இது முடியுமா, அவர் வீட்டு மாடு கன்று போட்டால்கூட நட்சத்திரம் பார்க்கிறவர்.

மருதையன் வந்திருக்கிறான். கடைசி வரிசையில், அதே சிவப்புத் துண்டு. வரமாட்டான் என்று நினைத்தார், வந்துவிட்டான். சங்கத்தில் ஒன்றாகச் சிறைக்குப் போனவர்கள், கூலி நெல் கூடக் கேட்டு அறுவடையை நிறுத்தியபோது ஒரே வரப்பில் அடி வாங்கியவர்கள். கழகத்துக்குப் போகிறேன் என்று சொல்ல இவர் போனபோது மருதையன் திட்டவில்லை, கோபிக்கவும் இல்லை, போங்க தோழரே, எங்க போனாலும் நீங்க முதல் பந்தியிலதான் உக்காருவீங்க என்று மட்டும் சொன்னான். அது பாராட்டா, குத்தலா? இரண்டு வருஷமாக யோசித்தும் பிடிபடவில்லை. இப்போது அவன் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்? மாவட்டம் வராமல் போகட்டும், இவன் மூக்கு அறுபடட்டும் என்றா? சே, மருதையன் அப்படி நினைக்கிறவன் இல்லை, நான்தான் இப்போதெல்லாம் எல்லாரையும் அப்படி நினைக்கிறேன்... ஏன் இந்தக் கை இப்படி வியர்க்கிறது, பந்தல் கால் மூங்கிலே ஈரமாகிவிட்டது.

மனைவி காளியம்மாள் பெண்கள் பக்கத்தில் நிற்கிறாள், முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முதலில் ஆடி மாதத்திலேயே வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார் இவர், அவள் கிணற்றில் விழுவேன் என்றாள், சொன்னால் செய்கிறவள், ஆவணிக்கு இறங்கி வந்தார். அஷ்டமியில் வைப்பேன் என்றார், இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை, அதையும் விட்டார், கடைசியில் ராகுகாலத்தைப் பிடித்துக்கொண்டார், இதை விட்டால் என்னிடம் என்னடி இருக்கிறது என்று கத்தினார். அன்றைக்கு அவள் மெதுவாக ஒன்று சொன்னாள்.

“இத்தனை வருஷம் குடும்பம் நடத்திருக்கேன், நீங்க ஒருநாளும் ராகுகாலம் பாத்ததில்ல. இப்பதான் பாக்குறீங்க.”

என்ன அர்த்தத்தில் சொன்னாள்? உண்மைதான், சாமி கும்பிட்ட காலத்தில் எந்தக் கிழமைக்கு எந்த ராகுகாலம் என்று அவருக்குத் தெரியாது, விதைத்தார், அறுத்தார், மாடு வாங்கினார், விற்றார், எல்லாம் நினைத்த நேரத்தில். இப்போது திங்கள் ஏழரை ஒன்பது, சனி ஒன்பது பத்தரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார், கோயில் குருக்கள்கூட ஒருதரம் சந்தேகம் கேட்டார். நல்ல நேரம் தப்பிவிடுமோ என்று பதறுகிறவர்களைப் பார்த்து எத்தனை தடவை சிரித்திருக்கிறார், இப்போது கெட்ட நேரம் தப்பிவிடுமோ என்று இவர் பதறுகிறார்... இது என்ன கூத்து? இல்லை, இது வேறு, அது மூடநம்பிக்கை, இது கொள்கை. நேற்று சாயங்காலம் காளியம்மாள் தாலியைத் தலைப்பில் முடிந்துகொண்டு மாரியம்மன் கோயில் பக்கம் போனாள், வாய்க்கால் கரையிலிருந்து பார்த்தார். கூப்பிட்டிருக்கலாம், தடுத்திருக்கலாம். ஆடு அங்கே மேய்கிறதா என்று பார்ப்பது மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பெண்களோடு எதற்கு வம்பு, அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை, வேறு என்ன இருக்கப் போகிறது?

மலர்கொடி அலங்காரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், நிமிரவே இல்லை. மாப்பிள்ளைப் பையன் நல்ல பையன், வேதாரண்யத்தில் உப்பளத்தில் மேஸ்திரி, கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துச் சிவந்துபோயிற்று. இந்தப் பெண் இந்தக் கல்யாணத்துக்குச் சரி என்று சொன்னாளா? நேரத்தைப் பற்றி அவளை யார் கேட்டது? மேடையில் என் மகள், என் மகள் என்று முழங்கினாரே ஒழிய, வீட்டில் வந்து ஒரு வார்த்தை... நாளைக்கு அந்த வீட்டில் ஒரு தலைவலி வந்தாலும், ஒரு கர்ப்பம் தங்காமல் போனாலும், ராகுகாலத்தில் கட்டிக்கொண்டவள்தானே என்று எவளாவது சொல்லுவாள், சொல்லாமல் இருப்பாளா, அப்போது இந்தக் கை தட்டினவர்கள் யாரும் அங்கே நிற்க மாட்டார்கள். சீ, என்ன நினைப்பு இது, நினைக்கிற நேரமா? மாவட்டம் வரட்டும், வந்து மைக்கில் பேசினால் எல்லாம் சரியாகிவிடும், அவர் பேச்சைக் கேட்டால் அப்படி ஒரு தெம்பு வரும்.

அப்போதுதான் சைக்கிளைப் பந்தலுக்கு வெளியே சாத்திவிட்டு ஹாஜா மைதீன் உள்ளே வந்தார், கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவர், இவருக்கு நெடுநாள் பழக்கம். வந்தவர் உட்காரவில்லை, இவரைத் தோளில் கை போட்டு ஓரமாக நகர்த்திக்கொண்டு போனார். மாவட்டம் வண்டி பஞ்சராகி நிற்கிறதா பாய் என்று இவர் கேட்டார், அப்படியாவது இருக்கட்டும் என்று இருந்தது.

“பஞ்சரும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணே. குடமுருட்டிப் பாலத்துக்கிட்ட மரத்தடியில நிக்கிது வண்டி. எளநீ சாப்பிட்டுட்டு உக்காந்திருக்காங்க. என்ன ஏதுன்னு டிரைவரைக் கேட்டேன், பன்னெண்டு தாண்டட்டும்னு சொல்லிருக்காங்களாம். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவங்க அப்பிடித்தானாம்.”

சொல்லிவிட்டு அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், நல்ல மனுஷர், வேறு யாரிடமும் சொல்ல மாட்டார். காயாரோகணம் அசையாமல் நின்றார். பாலம் எவ்வளவு தூரம், கூப்பிடு தூரம், அங்கே உட்கார்ந்துகொண்டு இளநீர்... நான் இங்கே நாய் குரைக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு... கோபம் வரவேண்டுமே, வரும், வந்துகொண்டிருக்கும். அதற்குள் சம்பந்தி நாகநாதன் எழுந்து வந்துவிட்டார். அவர் இந்த நேரம் காலம் எதையும் சட்டை பண்ணாத ஆள், நிச்சயம் பண்ணிய அன்றைக்கே, எங்கள் ஊரில் புயல் அடித்தால் கெட்ட நேரம், அடிக்காவிட்டால் நல்ல நேரம் என்று முடித்துவிட்டவர், அவர் கவலையெல்லாம் அவர் சனம் திரும்பிப் போகிற பஸ்ஸைப் பற்றித்தான். இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது, நீங்களே மாலையை எடுத்துக் கொடுத்து ஆரம்பியுங்கள், தலைவர் எப்போது வருகிறாரோ வந்து வாழ்த்திவிட்டுப் போகட்டும் என்றார். ஆமாம் ஆமாம் என்று பந்தலில் நாலு பேர் சொன்னார்கள். கடைசி வரிசையில் மருதையனும் எழுந்து நின்றான், துண்டைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு, பழைய ஊர்வலத்துக்குக் கிளம்புகிற மாதிரி.

“ஆரம்பிங்க தோழரே. சொன்ன நேரத்துல நடத்துனாருன்னு ஊருக்கு நான் சாட்சி சொல்றேன்.”

மருதையன் சொல்கிறான். யார் வாயிலிருந்து வரவேண்டும் என்று இரண்டு வருஷமாக ஏங்கினாரோ அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது. நிலத்துக்காகப் போகவில்லை என்று இனி எவன் நாக்கும் புரளாது. மாலைகள் தட்டில் இருக்கின்றன, கை நீட்டினால் எட்டும். பாலத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவரைவிட, பண்ணையாரைவிட, கறுப்புச் சட்டை மனுஷரைவிட ஒரு படி மேலே போய் நிற்கலாம், இந்த நிமிஷம், இதோ. காயாரோகணம் தட்டைப் பார்த்தார். மலர்கொடி முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் பேசினார்.

“தலைமைன்னு போட்டுட்டு அவங்க இல்லாம ஆரம்பிச்சா நல்லாருக்காது சம்பந்தி. கட்சின்னா ஒரு கட்டுப்பாடு இருக்குல்ல? கொஞ்சம் பொறுங்க, வந்துடுவாங்க.”

குரல் கணீரென்று வந்தது, கூட்டம் உட்கார்ந்துவிட்டது, நாகநாதன் பஸ் போய்விடுமே என்று முனகிக்கொண்டே போனார், மருதையன் மட்டும் கொஞ்ச நேரம் நின்று இவரைப் பார்த்துவிட்டு அப்புறம் உட்கார்ந்தான். கட்டுப்பாடு, ஆமாம், கட்டுப்பாடுதான், நாளைக்கு யார் கேட்டாலும் இதையே சொல்லலாம், நான் தயாராக இருந்தேன், மாலை கையில் இருந்தது, கட்சிக்காகப் பொறுத்தேன்... நாற்காலியில் சாய்ந்தார். காலையிலிருந்து நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது எங்கே? கை வியர்வை எப்போது நின்றது? யோசித்துப் பார்த்தார், பாய் அந்தச் செய்தியைச் சொன்ன நிமிஷத்தில், கோபம் வருவதற்கு இடம் விட்டு இவர் நின்றுகொண்டிருந்த நிமிஷத்தில், உள்ளே எழுந்தது கோபமே இல்லை, அப்பாடா என்றுதான் ஒன்று எழுந்தது, குழந்தை தப்பித்தாள் என்று. அந்த அப்பாடாவைச் சொன்னது யார்? சங்கத்திலே இருந்தவனா, கழகத்திலே இருக்கிறவனா, மெய்யரசனா? பந்தல் முகப்பில் கடையிலிருந்து இரவல் வாங்கி மாட்டிய கடிகாரத்தில் பெரிய முள் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், சீக்கிரம் பன்னிரண்டு ஆகட்டும், என் பிள்ளையைக் காப்பாற்று, காப்பாற்று என்று உதடு அசைவது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. யாரைக் கேட்கிறோம் என்று திகைத்தார், உதட்டை நிறுத்த மட்டும் முடியவில்லை.