புதுநன்மைக்கு முந்தின ஞாயிறு

ராயப்பனுக்குத் தலைக்குமேல் கோபம் ஏறியது. ஞானோபதேச வகுப்பு எடுக்கும் மௌரீன் மிஸ், கோயில் வாசலில் சிரித்த முகத்தோடு சொன்னதைக் கேட்டால் யாருக்குத்தான் ஏறாது? அடுத்த ஞாயிறு புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளில் அவர் பேத்தி ஷெரின் இல்லையாம்.

“பேரண்ட்ஸ் மீட்டிங் ஒண்ணுக்குக்கூட அவ டாடி மம்மி வரல அங்கிள். ஃபாதர் ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாரு. நெக்ஸ்ட் இயர் பாக்கலாம்.”

“நான் வந்தேனேம்மா! முன் பெஞ்சில உக்காந்திருந்தேனே!”

“கிராண்ட்பேரண்ட்ஸ் கணக்குல வராது அங்கிள்.”

கணக்கில் வராதாம்! அந்தப் பிஞ்சுக் கையைப் பிடித்துச் சிலுவை போடப் பழக்கியது யார்? மழையோ வெயிலோ, மர்பி டவுனிலிருந்து ஞாயிறு தவறாமல் நடத்திக் கூட்டி வந்தது யார்? பெற்றவர்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான், ஞானஸ்நானத்தன்று ஊருக்கெல்லாம் பிரியாணி போட்டார்கள். மகன் விக்டர் கால் சென்டரில் ராத்திரி வேலை முடித்து வந்து ஞாயிறு முழுக்கப் போர்வைக்குள் கிடப்பான். மருமகளுக்கு அன்றைக்கும் ஷோரூமில் டியூட்டி. மீட்டிங்குக்கு வாடா என்று ராயப்பன் ஒவ்வொரு தடவையும் கெஞ்சினார். “நீங்க போங்கப்பா, அதெல்லாம் உங்க டிபார்ட்மெண்ட்” என்று அவன் புரண்டு படுத்தான். வீட்டில் புதுநன்மைக்கென்று ஷெரினுக்கு வெள்ளை கவுன் தைத்து வந்து தொங்குகிறது.

பூசையில் ஒரு வார்த்தையும் அவர் காதில் விழவில்லை. பிரசங்கத்தில் ஃபாதர், குடும்பம்தான் குட்டித் திருச்சபை என்றது மட்டும் விழுந்தது. “ஆமா, தாத்தனைத் தவிர” என்றார் ராயப்பன், முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி.

நன்மை வாங்கும் வரிசையில் ஷெரினையும் கூட்டிப் போனார். ஃபாதர் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, ராயப்பன் உள்ளங்கையில் நற்கருணை அப்பத்தை வைத்தார். அவர் ஓரமாக நகர்ந்து அதை இரண்டாகப் பிட்டார். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல இவர்கள் யார்? ஒரு பாதியைப் பேத்தியின் வாயருகே கொண்டுபோனார்.

“வாயத் தெற.”

ஷெரின் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“தெறடி!”

“மாட்டேன். நான் இன்னும் ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணல. பண்ணாம வாங்கினா சாவான பாவம்.” அவள் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. “அது ஆண்டவர் தாத்தா. பப்ஸ் இல்ல, பிச்சுத் திங்கறதுக்கு!”

பாட்டுக்காரர்கள்கூட ஒரு அடியை விட்டுவிட்டார்கள். ஃபாதர் நற்கருணைப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி முறைத்தார். ராயப்பன் இரண்டு பாதியையும் தானே வாயில் போட்டுக்கொண்டார். மௌரீன் மேல், ஃபாதர் மேல், தூங்குகிற மகன் மேல் எல்லாம் ஆத்திரம் பொங்கியது. பேத்தி மேலும்தான். ஆனால் அவளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அப்புறம் எந்த வாயால் அவளைத் திட்டுவது? மானம் போனது.

பூசை முடிந்ததும் ஃபாதர் விரலை ஆட்டிச் சொன்னார். “முதல்ல நீங்க பாவசங்கீர்த்தனத்துக்கு வாங்க.”

வீட்டுக்குள் நுழைந்ததும் ஷெரின் செருப்பை உதறிவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போய் விக்டரின் போர்வையைப் பிடித்து இழுத்தாள். அவன் பதறி எழுந்து உட்கார்ந்தான்.

“எந்திரிங்க டாடி. மௌரீன் மிஸ் இன்னும் கோயில்லதான் இருப்பாங்க. என்னைச் சேத்துக்கச் சொல்லி வந்து கேளுங்க.”

“அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்டா தங்கம்.”

“அடுத்த வருஷமும் தூங்குவீங்க!” தலையணையைத் தூக்கி அடித்தாள். “தாத்தா உங்ககிட்ட எவ்ளோ கெஞ்சினாரு! ஜீசஸ்கிட்டகூட அவரு அவ்ளோ கெஞ்சினதில்ல.”

கண்ணீர் வழிந்தது, ஆனாலும் அவள் நகரவில்லை. விக்டர் அவள் தலைக்கு மேலாக அப்பாவைப் பார்த்தான்.

“இப்பிடிக் கத்தச் சொல்லிக் குடுத்தீங்களா?”

“செபம் சொல்லிக் குடுத்தேன்டா” என்றார் ராயப்பன். “இதை நான் சொல்லிக் குடுக்கல.”

ஷெரின் ஆணியில் தொங்கிய சட்டையை உருவி அப்பன் மடியில் எறிந்தாள். விக்டர் அதற்குள் கையை நுழைத்தான்.